கழிவுத் துணியில் பை தைக்கும் தொழில்: நோக்கத்தை எங்கே வைப்பது?

கேள்வி:

ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக (வாங்குவோரின் ஆர்டர்களை ஒருங்கிணைப்பவராக) பணியாற்றிய நான், இப்போது சொந்தத் தொழில் தொடங்க நினைக்கிறேன். வெட்டுமேசையில் மிஞ்சும் துண்டுத் துணிகளை வாங்கி, வீட்டை விட்டுத் தொலைவாக வேலைக்குப் போக முடியாத பெண்களைக் கொண்டு பைகள் தைத்து, பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றாக விற்க வேண்டும் என்பது திட்டம். லாபத்தில் பத்தில் ஒரு பங்கை மரம் நடுவதற்கு ஒதுக்குவதாகவும் எழுதி வைத்திருக்கிறேன். முதலீடு செய்ய முன்வந்திருக்கும் என் தாய்மாமா, "முதல்ல தொழில் நாலு காசு பாக்கட்டும்மா, சேவையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். இதை அறக்கட்டளையாகப் பதிவு செய்வதா, நிறுவனமாகப் பதிவு செய்வதா? பையின் மீது 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சிடலாமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் அதனுடன் இணைத்திருந்த திட்ட அறிக்கையையும் முழுவதுமாகப் படித்தேன். சிறு தொழில்களுக்குக் கணக்கும் திட்டமும் எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால், நல்ல எண்ணத்தோடு வரும் திட்டங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நின்றுபோனவற்றை நினைத்துப் பார்த்தால், உரிமையாளரின் மனம் மாறியதால் நின்றவை மிகக் குறைவு. அந்த எண்ணத்தைக் கணக்கில் தவறான வரியில் எழுதியதால் நின்றவையே அதிகம். உங்கள் அறிக்கையிலும் அந்தத் தவறு ஓரிடத்தில் இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால், நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகள் பாதி எளிதாகிவிடும்.

நான் சொல்வது மரம் நடும் வரியை. லாபத்தில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் லாபம் என்ற வரியில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அப்படியானால் அந்த ஆண்டுகளில் உங்கள் நோக்கத்தின் அளவும் பூஜ்யம்தான். லாபம் வரத் தொடங்கிய பிறகும், எதையெல்லாம் செலவாகக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தின் நிறுவனர் இவோன் ஷுனார்ட் மற்றொரு தொழில்முனைவோருடன் சேர்ந்து 2002இல் தொடங்கிய 'பூமிக்கு 1 சதவீதம்' என்ற அமைப்பு, உறுப்பு நிறுவனங்களிடம் மொத்த விற்பனையில் 1 சதவீதத்தைக் கேட்கிறது. லாபக் கணக்கின் பக்கமே அது போவதில்லை. நன்கொடை கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அந்த வழி உறுதியானது.

ஆனால் உங்கள் தொழிலுக்கு நன்கொடையே தேவையில்லை என்பது என் கருத்து. வெட்டுமேசையிலிருந்து துணியை எடுக்கும்போதும், தைத்தவரின் கையில் கூலியை எண்ணிக் கொடுக்கும்போதும், வாங்கியவர் அந்தப் பையை ஐம்பதாவது முறை தோளில் மாட்டும்போதும் நன்மை நடந்தாக வேண்டும். லாபத்திலிருந்து எடுத்து வெளியே செய்யும் நன்மையை நெருக்கடி வந்த முதல் மாதத்திலேயே யாரும் கேள்வி கேட்காமல் நிறுத்திவிடலாம். செய்முறைக்குள்ளேயே இருக்கும் நன்மையை நிறுத்த வேண்டுமானால் தொழிலையே நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே மரத்தை எடுத்துவிட்டு, துணி, கூலி, பையின் ஆயுள் ஆகிய மூன்றையும் செலவுக் கணக்கில் ஏற்றுங்கள்.

உங்கள் தாய்மாமா சொல்வதில் ஒரு பகுதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். தன் காலில் நிற்காத தொழிலால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் கடையை மூடிவிட்டால், உங்களை நம்பி வேறு வேலையை விட்டு வந்த பெண்கள்தாம் முதலில் பாதிக்கப்படுவார்கள். ஆனால் 'முதலில் லாபம், பிறகு சேவை' என்ற வரிசையை ஏற்க முடியவில்லை. விலை, கூலி, துணி வாங்கும் இடம், கடன் கொடுக்கும் நாட்கள் என எல்லாமே முதல் ஆண்டில்தான் தீர்மானமாகின்றன. குறைந்த கூலியை வைத்து விலை பேசி வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டால், ஐந்து ஆண்டுகள் கழித்துக் கூலியை உயர்த்தும் நாளில் அந்த வாடிக்கையாளர் உங்களோடு இருக்க மாட்டார்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நல்ல சான்று. பணம் செலுத்த முடிந்தவர்களிடம் கட்டணம் பெற்று, முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பது அதன் ஏற்பாடு. அது பெரிதான பிறகு சேர்த்துக்கொண்ட சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே அறுவை அரங்கின் அமைப்பே அந்த நோக்கத்துக்காக அமைந்தது: பக்கத்துப் பக்கத்தில் மேசைகள் இருக்கும், ஒரு நோயாளிக்குக் கண்புரை அறுவை முடிந்ததும் அடுத்த மேசையில் இன்னொருவர் ஆயத்தமாக இருப்பார், மருத்துவர் திரும்பி அமர்ந்தால் போதும். இப்படி அதிக எண்ணிக்கையில் செய்வதால் ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைந்தது. உள்விழி லென்சின் இறக்குமதி விலை தடையாக நின்றபோது, 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திப் பிரிவைத் தொடங்கி, லென்சைத் தாமே குறைந்த விலையில் செய்தார்கள். சிக்கனமும் சேவையும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பெயர்கள். உங்கள் தாய்மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிக்கனம் தெரிந்த மனிதருக்கு இது உடனே பிடிபடும்.

இனி துணிக்கு வருகிறேன். பதினோரு ஆண்டுகள் நீங்கள் பார்த்த காட்சிதான்: அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் வெட்ட வேண்டிய வடிவங்கள் வரைந்த மார்க்கர் தாளை வைத்து, வெட்டும் இயந்திரம் வளைந்து வளைந்து போக, கைப்பகுதிக்கும் கழுத்துக்கும் இடையில் மிஞ்சும் பிறை வடிவத் துண்டுகள் மேசை ஓரத்தில் குவியும். அவற்றைக் 'குப்பைக்குப் போகும் துணி' என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அது எப்போதும் உண்மையல்ல என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். வெள்ளைப் பருத்தித் துண்டுகளுக்கும், நிறம் பிரித்த பருத்திப் பின்னலாடைத் துண்டுகளுக்கும் ஏற்கெனவே நல்ல கிராக்கி இருக்கிறது. அவற்றைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. வேறு சில, இயந்திரம் துடைக்கவும் மெத்தைக்குள் அடைக்கவும் போகின்றன. நீங்கள் அதே வெள்ளைத் துண்டுகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், ஒரு துண்டும் குப்பையிலிருந்து தப்பவில்லை. நூலாலைக்குப் போக வேண்டியது உங்களிடம் வந்திருக்கிறது, அவ்வளவே.

நோக்கத்தோடு தொடங்கும் எந்தத் தொழிலுக்கும் நான் முதலில் போடும் கேள்வி இதுதான்: நீங்கள் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? அந்த நிலைக்கும் நீங்கள் வந்த பிறகான நிலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே உங்கள் பங்களிப்பு. லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்தவை, அச்சிட்டவை, பல இழைகள் கலந்த அடர்நிறத் துண்டுகள் போன்றவற்றை மறுசுழற்சி ஆலைகள் விரும்புவதில்லை. எரிப்புக்கும் குப்பைமேட்டுக்கும் போகக்கூடியவை அவைதாம். அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தைப்பது கடினம், ஒன்று இழுபடும், மற்றொன்று இழுபடாது. தரம் பிரிக்கவே தனியாக ஒருவர் வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கண்டு தயங்காதீர்கள். உங்கள் தொழில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மையில் பெரும்பகுதி அந்தத் தரம் பிரிக்கும் மேசையில்தான் நடக்கிறது.

அடுத்தது, பிளாஸ்டிக் பைக்கு மாற்று என்ற பகுதி. டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கடைப்பைகளின் முழு ஆயுளையும் கணக்கிட்டுப் பார்த்தது. சாதாரண பாலித்தீன் பை ஒன்றோடு ஒப்பிட்டால், புதிய பருத்தியில் செய்த பையைத் தட்பவெப்பப் பாதிப்பை மட்டும் கருத்தில் கொண்டால்கூடக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும் என்றும், நீர், ஓசோன் உள்ளிட்ட எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை என்றும், இயற்கை வேளாண் பருத்தியானால் இந்த எண்கள் 149, 20,000 என்றும் அது கணித்தது. பெரிய எண்களை அப்படியே வாய்ப்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை, அவை எந்த அளவுகோலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுபவை. ஆயினும் இரண்டு செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன. பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்வதில்தான் பாரம் அதிகம். எனவே ஏற்கெனவே நெய்து முடிந்து மிஞ்சிய துணியை எடுக்கும் உங்கள் எண்ணம் அடிப்படையில் சரியானது. இரண்டாவது, எந்தத் துணிப்பையும் எத்தனை முறை தூக்கப்படுகிறது என்பதை வைத்தே அதன் நன்மை அமைகிறது.

ஆகவே உங்கள் மாதிரிப் பையை வரவழைத்துப் பார்த்தபோது, நான் அச்சையோ நிறத்தையோ பார்க்கவில்லை. கைப்பிடி பையோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒரே ஒரு நேர்த்தையல் ஓடியிருக்கிறது. பத்து கிலோ எடையை இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் இடது கைப்பிடியின் ஓரத்தில் மூன்று கண்ணிகள் விட்டுப்போயிருந்தன. அந்த இடத்தில் கைப்பிடியைக் கூடுதலாக மடித்துவைத்து, சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளுமாகத் தைத்தால் நிற்கும். ஒரு பைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். 'செலவைக் குறைக்கலாமே' என்று யாராவது சொல்லும் நாளில், முதலில் கைவைக்கும் இடம் அந்த இரண்டு நிமிடமாகத்தான் இருக்கும். அந்த நாளுக்காகவே அதை உங்கள் தரக் குறிப்பில் இன்றே எழுதி வையுங்கள்.

பெண்களின் வேலையைப் பற்றி ஐம்பது பேருக்கு வாய்ப்பு என்று ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்வதில்லை. டாம்ஸ் என்ற காலணி நிறுவனம் 2006இல் தொடங்கியபோது, விற்கும் ஒவ்வொரு இணைக்கும் ஓர் இணையை ஏழைக் குழந்தைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. கொடுத்த இணைகளின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. பின்னர் எல் சல்வடோரில் ஆய்வாளர்கள் நேரில் சென்று ஆராய்ந்தபோது, குழந்தைகள் காலணியை விரும்பி அணிந்தார்கள், ஆனால் அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் புலப்படவில்லை. வெளியார்தான் உதவ வேண்டும் என்ற எண்ணம் சற்றுக் கூடியிருந்தது. அந்த ஆய்வுக்கு நிறுவனமே ஒத்துழைத்தது என்பதையும், 2019இல் அந்த 'ஒன்றுக்கு ஒன்று' முறையை அது கைவிட்டது என்பதையும் நான் மரியாதையோடு குறிப்பிடுகிறேன். தன் நன்மையைத் தானே சோதித்துப் பார்க்கத் துணிவது எளிதல்ல.

உங்கள் அளவில் அந்தச் சோதனை மிகச் சிறியதாக இருந்தால் போதும். நீங்கள் வைத்திருப்பது பைக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட். அதை எப்படி முடிவு செய்தீர்கள்? பெரும்பாலும் கைதேர்ந்த ஒருவர் தைப்பதைப் பார்த்துத்தான் இந்தக் கூலி நிர்ணயமாகிறது. நான் ஒரு முறை இதேபோன்ற ஒரு தையல் கூடத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் அருகில் கடிகாரத்தோடு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தைக்கும் நேரம் கூலிக் கணக்கில் இருந்தது. நூல் நிறம் மாற்றுவது, பாபின் சுற்றுவது, ஊசி ஒடிந்தால் புதிது வரும்வரை காத்திருப்பது, கட்டு பிரித்து அடுக்குவது ஆகிய எதுவும் அதில் இல்லை. சேர்த்துப் பார்த்தபோது, அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கூலியே இல்லை. யாரும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். நடுத்தர வேகத்தில் தைப்பவர் எட்டு மணி நேரம் இருந்தால் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாதபடி விகிதத்தை அமையுங்கள். அதற்கு மேல் எவ்வளவு உயர்த்த முடியும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கூலியின் அளவைப் போலவே கூலி கிடைக்கும் நாளும் முக்கியம். கடைகளும் நிறுவனங்களும் உங்களுக்கு அறுபது, தொண்ணூறு நாட்கள் கழித்துத்தான் பணம் தருவார்கள்; தையல்காரர்களுக்கோ வாரக் கடைசியில் பணம் வேண்டும். ஆர்டர் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும். சமூக நோக்கோடு தொடங்கிய தொழில்கள் பல, நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. "இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கம்மா" என்று ஒரு சனிக்கிழமை சொல்லத் தொடங்கினால் அது பழக்கமாகிவிடும். எட்டு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டு வைத்த பிறகே முதல் பெரிய ஆர்டரை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தாய்மாமாவின் பணத்துக்கு இதைவிட நல்ல பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

அறக்கட்டளையா, நிறுவனமா என்று கேட்டிருந்தீர்கள். பொருளை விற்று, அந்த வருமானத்தில் நிற்க நினைப்பவர் நீங்கள். நன்கொடையாளர்களை நம்பி இருப்பவர் அல்ல. ஆகவே நிறுவனமே பொருத்தம். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்களும் பல நாடுகளில் வந்துவிட்டன. பிரிட்டனில் 2005 முதல் உள்ள சமூகநல நிறுவனம் என்ற வடிவத்தில், சொத்தை உரிமையாளர்கள் பிரித்து எடுத்துச் செல்லச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2010இல் மேரிலாந்து மாநிலம் பொதுநலப் பொறுப்பை ஏற்ற நிறுவனங்களுக்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. பிரான்ஸ் 2019இல் நோக்கத்தைத் தம் அமைப்பு விதிகளில் எழுதிக்கொள்ளும் நிறுவனங்களுக்கு வழி செய்தது. உங்கள் நாட்டில் எது உண்டோ அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பதிவின் பெயர் மட்டும் காவல் நிற்காது. பிரான்சின் டனோன் என்ற உணவுப்பொருள் நிறுவனம் 2020 ஜூனில், பங்குதாரர்களில் 99 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களிக்க, அந்தப் புதிய சட்ட வடிவத்தை ஏற்ற முதல் பங்குச்சந்தை நிறுவனம் ஆயிற்று. அதை முன்னின்று நடத்திய தலைவர் எம்மானுவேல் ஃபாபர், வருமானம் குறைவென்று சில முதலீட்டாளர்கள் கொடுத்த அழுத்தத்துக்குப் பின் 2021 மார்ச்சில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விதியில் நோக்கம் எழுதப்பட்டிருந்தது. முடிவெடுக்கும் வாக்கு வேறு கைகளில் இருந்தது. இதற்கு மாறாக, கார்ல் சைஸ் ஒளியியல் நிறுவனத்தின் பங்காளியான எர்ன்ஸ்ட் ஆபே 1889இல் ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தி, தொழிலின் உரிமையையே அதற்கு மாற்றிக் கொடுத்தார். 1896இல் அவர் எழுதிய விதிகளில், உயர் நிர்வாகியின் ஊதியம் தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருந்தது; 1900இல் அந்த ஆலையில் எட்டு மணி நேர வேலை வந்தது. 2022இல் ஷுனார்ட் குடும்பம் செய்ததும் இதே வழியைச் சேர்ந்ததுதான்: படகோனியாவின் வாக்குரிமைப் பங்குகளை ஒரு அறக்கட்டளைக்கும், வாக்குரிமை இல்லாத மீதி 98 சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்காகச் செலவிடும் ஓர் அமைப்புக்கும் கொடுத்துவிட்டது.

நீங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தாய்மாமாவிடம் பணம் வாங்கும் முன் இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். கூலி விகிதத்தின் கீழ்வரம்பு, துணி வாங்கும் விதி, கைப்பிடித் தையல் ஆகிய மூன்றையும் உங்கள் ஒப்புதலும் தையல்காரர்களின் பிரதிநிதி ஒருவரின் ஒப்புதலும் இல்லாமல் மாற்ற முடியாது என்று அதில் இருக்கட்டும். அவருக்கு எத்தனை ஆண்டில், எந்த விகிதத்தில் பணம் திரும்பும், அவர் விலக விரும்பினால் பங்கை யாரிடம் எந்தக் கணக்கில் விற்கலாம் என்பதையும் எழுதுங்கள். உறவுக்குள் எதற்கு எழுத்து என்று அவர் வருத்தப்படலாம். உறவு கெடாமல் இருப்பதற்குத்தான் எழுத்து என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நெறிமுறை, சான்று காட்ட முடியாத இத்தகைய பொதுவான சொற்களை விளம்பரத்தில் தடை செய்கிறது. அது நடைமுறைக்கு வருவதற்கான நாள் 2026 செப்டம்பர் 27. ஏற்றுமதித் தொழிலில் இருந்தவர் நீங்கள், எதிர்காலத்தில் அந்தச் சந்தைக்கும் போகலாம். அது ஒருபுறம் இருக்க, அந்தச் சொல் வாங்குபவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. 'ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சிய துணியில் தைத்தது; பத்து கிலோ தாங்கும்; கைப்பிடி கிழிந்தால் திருப்பி அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம்' என்று அச்சிட்டால், மூன்றும் சோதிக்கக்கூடிய உண்மைகள். சமூக, சுற்றுச்சூழல் அளவுகோல்களை நிறைவேற்றும் நிறுவனங்களுக்குத் தரப்படும் பி கார்ப் போன்ற சான்றிதழ்களைப் பற்றி இரண்டு ஆண்டுகள் கழித்து யோசிக்கலாம். அவற்றுக்குத் தேவையான ஆவணங்கள் இப்போது உங்கள் நேரத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை: ஐம்பது பேரை விட்டுவிட்டு, இரண்டு தையல்காரர், ஒரு தரம் பிரிப்பவர், ஒரே ஒரு பை வடிவம், மூன்று மாதம். ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் நான்கு கட்டங்களை நிரப்புங்கள்: எத்தனை கிலோ துணி வந்தது, அது வராவிட்டால் எங்கே போயிருக்கும், ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் இருந்து எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை பைகள் பழுதாகித் திரும்பின. இரண்டாவது கட்டத்துக்காகத் துணி கொடுப்பவரிடம் நேரில் பேச வேண்டியிருக்கும், பேசுங்கள். முதல் மாதப் பக்கங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். பைக்கு என்ன விலை வைப்பது என்பதை அவற்றைப் பார்த்த பிறகு கணக்கிடுவோம்.